கூண்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போன முதல் நாள்: உங்கள் குட்டி என்ன செய்தது?

தூறல்:

மிளகுக்கு மூன்று மாதம் ஆகப் போகிறது. நாட்டு நாய்க்குட்டி, கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளைப் பொட்டு. வேளச்சேரியில் இரண்டாவது மாடி, நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். கிரேட், அதாவது நாய்க் கூண்டு, பழக்குவது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்பதால் விரிவாக எழுதவில்லை. ஒரு வாரம் கதவைத் திறந்தே வைத்து, சாப்பாட்டை உள்ளேயே போட்டு, அவனாகப் போய்ப் படுக்கும் அளவுக்குக் கொண்டுவந்திருந்தோம். இரவில் எங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் கதவைச் சாத்தினாலும் தூங்கிவிடுவான். அந்தத் தைரியத்தில் திங்கட்கிழமை கிளம்பிவிட்டேன். மதியம் வந்து பார்ப்பதாகத் திட்டம்.

9:40-க்கு ஆபீசில் உட்கார்ந்து ஃபோனில் கேமராவைத் திறந்தேன். குரைக்கவில்லை. முதலில் அது நிம்மதியாக இருந்தது. அப்புறம் சரியாகப் பார்த்தால், வாயைத் திறந்து இரைத்தபடி ஒரே மூலையை முன்னங்கால்களால் பறித்துக்கொண்டே இருக்கிறான். எச்சில் வழிந்து நெஞ்செல்லாம் நனைந்திருக்கிறது. வைத்த கோழித் துண்டு அப்படியே கிடக்கிறது.

மனசு கேட்கவில்லை. மைக் பொத்தானை அழுத்தி, "மிளகு, அம்மா வந்துடுறேன்டா" என்றேன்.

பறிப்பதை நிறுத்தினான். ஒரு காது மட்டும் தூக்கியது. அலமாரி மேல் இருந்த கேமராவைப் பார்த்தான். வாசல் கதவைப் பார்த்தான். மறுபடி கேமராவைப் பார்த்தான். வால் இரண்டு தரம் ஆடியது. நான் வரவில்லை என்று தெரிந்ததும் ஒரு சத்தம் போட்டான் பாருங்கள், குட்டி நாய்க்கு அப்படி ஒரு குரல் உண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கம்பியைக் கடிக்க ஆரம்பித்தான். எனக்கு மீட்டிங். ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

1:15-க்கு வீட்டுக்கு வந்தபோது மூக்கின் மேல் முடி தேய்ந்து தோல் சிவந்திருந்தது. அது ஆறிவிட்டது. அந்தத் தூக்கிய காதுதான் கண்ணை விட்டுப் போகவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

பூவரசு:

நடந்திருக்கிறது தோழி. எங்கள் வீட்டில் பேசியது என் கணவர், ஊரில் இருந்துகொண்டு. குட்டி அன்றிலிருந்து ஒரு வாரம், தினமும் சாயங்காலம் கேமரா இருந்த டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் போய் மோந்து மோந்து தேடியது. குரல் வருகிறது, ஆள் வாசனை வரவில்லை. அதற்கு எப்படிப் புரியும்? நாங்கள் மைக்கை அணைத்துவிட்டோம். பார்க்க மட்டும்தான் கேமரா.

கீழவாசல்:

எனக்கு இந்தக் கூண்டு விஷயமே உடன்பாடு இல்லை, சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் ஃபிளாட்டில் இருந்தபோது நாலரை மாதச் சிப்பிப்பாறைக் குட்டி வைத்திருந்தேன். ட்ரெயினர் சொன்னார் என்று கம்பிக் கூண்டு வாங்கினோம். இரண்டாம் நாள் மாலை கதவைத் திறக்கிறேன், அடித்தட்டு பிளாஸ்டிக் ஓரமெல்லாம் கடித்துக் குதறி, நடுவில் இரத்தத்தோடு ஒரு பால் பல். அரிசி அளவுதான் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. வெட்டவெளியில் ஓடி முயல் பிடிக்க வளர்த்த இனம் அது. அதைப் போய் மூன்றடிக்கு இரண்டடியில் அடைத்தேன்.

இராஜபாளையத்தில் என் தாத்தா வீட்டில் எப்போதும் இரண்டு நாய் இருக்கும். கூண்டும் கிடையாது, இந்த மாதிரி பயமும் கிடையாது. கூண்டை மறுநாளே பழைய இரும்புக் கடையில் போட்டேன். நீங்களும் அதையே செய்யுங்கள்.

வைகைக்கரை:

கீழவாசல் சார், உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் தாத்தா வீட்டு நாய் தனியாக இருந்ததே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். திண்ணையில் ஆள், கொல்லையில் ஆள், கூட இன்னொரு நாய். அந்த வீட்டையும் வேளச்சேரி ஃபிளாட்டையும் ஒன்றாக வைத்துப் பேசினால் தூறலுக்கு உதவாது.

நான் மதுரையில் பல வருடம் நாய்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொண்டவன். என் அனுபவம் ஒன்றே ஒன்று. வெளியூர் போனவர்கள் விட்டுப்போன ஐந்து மாத லேப்ரடார் குட்டி. காலை நடைக்குப் பிறகு கூண்டில் விட்டுவிட்டு அடுத்த அறையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். சத்தமே இல்லை. அந்தச் சத்தமின்மைதான் என்னைத் திரும்பிப் போகவைத்தது. கழுத்துப் பட்டையில் தொங்கும் பெயர்த் தகடு கம்பிக்குள் மாட்டி, குட்டி திரும்பத் திரும்பப் பட்டை முறுக்கிக்கொண்டு, நாக்கு நீலமாகிக் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கத்தரிக்கோலால் அறுத்தேன். பிழைத்தது. அன்றிலிருந்து கூண்டுக்குள் போகும் எந்த நாய்க்கும் கழுத்தில் ஒன்றும் இருக்காது. தூறல், மிளகுக்குப் பட்டை போட்டிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள்.

கேட்கவில்லை என்றாலும் மற்றதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் குட்டிக்கு எது பயம் என்று பிரித்துப் பார்த்தீர்களா? அடைபடுவது வேறு, தனியாக இருப்பது வேறு. இரவில் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மூடிய கூண்டில் தூங்குகிறான் என்றால், கூண்டு என்ற பொருள் மேல் அவனுக்கு வெறுப்பு இல்லை. நீங்கள் இல்லாத வீடுதான் அவனுக்குத் தெரியாத இடம். ஒரு வாரம் பழக்கினோம் என்கிறீர்கள், ஆனால் அந்த ஏழு நாளும் நீங்கள் வீட்டில் இருந்தீர்கள். கூண்டைப் பழக்கினீர்கள், தனிமையைப் பழக்கவில்லை.

சாவியை எடுத்தால், செருப்பை மாட்டினால், பையைத் தூக்கினால் அவனுக்கு அப்போதே நெஞ்சு அடிக்க ஆரம்பித்துவிடும். அதனால் சாவியை எடுத்துக்கொண்டு போய் சோபாவில் உட்காருங்கள். செருப்பை மாட்டிக்கொண்டு சமையல் செய்யுங்கள். அந்தச் சத்தங்களுக்குப் பொருளே இல்லை என்று அவனுக்கு ஆகட்டும். அப்புறம் கதவுக்கு வெளியே ஐந்து விநாடி. அவன் பதறும் முன்பே உள்ளே வந்துவிட வேண்டும், பதறிய பிறகு அல்ல. பத்து விநாடி, அரை நிமிடம், திரும்ப ஐந்து விநாடி. ஏறிக்கொண்டே போகாதீர்கள், இடையில் எளிதாகவும் வையுங்கள். உள்ளே குழிவுள்ள ரப்பர் பொம்மையில் தயிர் சாதம் அடைத்து ஃபிரீசரில் வைத்துக் கொடுங்கள், உப்பு வேண்டாம். நக்கிக்கொண்டே இருப்பது குட்டிகளை அமைதிப்படுத்தும். கடலை வெண்ணெய் தடவுகிறவர்கள் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்ததா என்று டப்பாவைப் படிக்க வேண்டும், அது நாய்க்கு விஷம். சாப்பாட்டைத் தொடவே இல்லை என்றால் பயம் எல்லை மீறிவிட்டது என்று பொருள், அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள். நீங்கள் பார்த்த கோழித் துண்டு அதைத்தான் சொன்னது.

நேரக் கணக்கும் இருக்கிறது. வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்று, அத்தனை மணி நேரம்தான் பகலில் மூத்திரம் அடக்கும், அதுவும் அதிகபட்சம். மூன்று மாதக் குட்டிக்கு நாலு மணி நேரம் என்பதே விளிம்பு. கூண்டு எழுந்து நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடம் தர வேண்டும். அழுதால் உடனே திறக்கக் கூடாது, கொஞ்சம் அடங்கிய பிறகுதான் திறக்க வேண்டும், இல்லையென்றால் அழுதால் கதவு திறக்கும் என்று கற்றுக்கொள்ளும்.

செம்பருத்தி:

வைகைக்கரை அண்ணா, கடைசியாகச் சொன்னீர்களே, அதற்காகத்தான் எழுதுகிறேன். "அழுதால் திறக்காதே" என்று எனக்கும் சொன்னார்கள். எங்கள் பப்பிக்கு அப்போது பத்து வாரம். இரவு இரண்டு மணிக்கு அழுதது. நான் கட்டிலில் படுத்து, தலையணையைக் காதில் வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தேன். இருபது நிமிடம் கழித்து அடங்கியது. சரி, கற்றுக்கொண்டுவிட்டது என்று நினைத்தேன்.

காலையில் விளக்கைப் போட்டால் கூண்டெல்லாம் பேதி. துணியை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு, இருந்த கொஞ்ச சுத்தமான இடத்தில் நாலு காலையும் ஒன்றாகச் சேர்த்து நின்றுகொண்டிருந்தது. உட்காரவே இல்லை. என்னைப் பார்த்து வாலை ஆட்டியது அண்ணா. இரவெல்லாம் அது பிடிவாதம் பிடிக்கவில்லை, வயிறு சரியில்லை என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறது. தன் படுக்கையை அசுத்தம் செய்யக் கூடாது என்று முடிந்தவரை அடக்கியும் பார்த்திருக்கிறது. அதற்குப் பிறகு அந்தக் கூண்டுக்குள் அது போகவே இல்லை.

குட்டி அழுதால் போய்ப் பாருங்கள். வெளியே தூக்கிக்கொண்டு போய் விடுங்கள். விளையாட்டுக் காட்டாமல் திரும்பக் கொண்டுவந்து படுக்கவையுங்கள். அவ்வளவு சின்ன உயிருக்கு அது கெட்ட பழக்கம் ஆகாது.

வைகைக்கரை:

தங்கச்சி, நீ சொல்வது சரி. அவ்வளவு சின்னக் குட்டிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. பெரிய நாய்களைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம்.

பனிக்காடு:

நான் ஸ்வீடனில், கோத்தன்பர்க்கில் இருக்கிறேன். கோயம்புத்தூரில் கிரேட் பழக்கிய கையோடு இங்கே வந்து ஒரு குட்டி வாங்கினேன். வரவேற்பறையில் கூண்டைப் பார்த்த பக்கத்து வீட்டம்மா, "பூட்டுவீர்களா?" என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் முகம் மாறியது இன்னும் நினைவிருக்கிறது. இங்கே வீட்டில் நாயைக் கூண்டில் அடைத்து வைக்கச் சட்டம் இடம் தராது, பயணம், போட்டி மாதிரியான சில நேரங்களுக்கு மட்டும்தான். பகலில் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரமாவது வெளியே கூட்டிப்போக வேண்டும், குட்டி என்றால் இன்னும் அடிக்கடி. வேலைக்குப் போகிறவர்கள் நாய்க் காப்பகத்தில் விடுகிறார்கள். நான் அன்றே கூண்டின் கதவைக் கழற்றிவிட்டு, சமையலறை வாசலில் குழந்தைகளுக்கு வைக்கும் தடுப்புக் கதவைப் போட்டேன். குட்டி என்ன செய்தது தெரியுமா? கதவில்லாத அந்தக் கூண்டுக்குள் தானே போய்ப் படுத்தது.

மலைக்கோட்டை:

கூண்டு நல்லதா கெட்டதா என்று பேசும்போது நம் ஊர் வெயிலை எல்லோரும் மறந்துவிடுகிறீர்கள். ஏப்ரல் மாதம், திருச்சி, காலை பதினொரு மணிக்குக் கரண்ட் போயிருக்கிறது. எனக்குத் தெரியாது. ஃபேனுக்கு நேர் கீழே கூண்டு இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன். ஒரு மணிக்கு வந்தால் ஜன்னல் வெயில் கூண்டு மேல் விழுந்துகொண்டிருக்கிறது, தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து கிடக்கிறது, குட்டி ஈரமான தரையில் வயிற்றை ஒட்டவைத்துப் படுத்திருக்கிறது. தலையைத் தூக்கவில்லை. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, இரைத்து இரைத்துத்தான் சூட்டை வெளியே விட வேண்டும். நனைத்த துண்டு, ஆட்டோ, டாக்டர். பிழைத்துக்கொண்டது. கம்பியில் மாட்டும் கிண்ணம் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். வெயில் ஒரு மணிக்கு எங்கே விழுகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பாருங்கள். காலையில் நிழலாக இருக்கும் இடம் மதியம் நிழலாக இருக்காது.

கீழவாசல்:

வைகைக்கரை சார், தாத்தா வீட்டு நாய் தனியாக இருந்ததில்லை என்று சொன்னீர்கள். இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றை நான் சொல்லாமல் விட்டுவிட்டேன். அறுவடைக்கு எல்லோரும் வயலுக்குப் போகும் நாட்களில் நாயை வேப்பமரத்தில் கட்டிவிட்டுப் போவார்கள். சாயங்காலம் வந்தால் மரத்தைச் சுற்றி வட்டமாகத் தடம் பதிந்திருக்கும். சின்ன வயதில் அந்தத் தடத்தில் ஓடி விளையாடியிருக்கிறேன். அது எதனால் வந்த தடம் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். 1960-ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தில் சின்னக் கூண்டும் குற்றம், நெடுநேரம் குறுகிய சங்கிலியில் கட்டுவதும் குற்றம். கூண்டு வேண்டாம் என்பதில் இப்போதும் மாற்றமில்லை. ஆனால் எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருந்தது என்று சொல்லியிருக்க வேண்டாம்.

தூறல்:

எல்லோருக்கும் நன்றி. பதினாறு நாள் ஆகிறது.

வைகைக்கரை அண்ணா சொன்னபடி பிரித்துப் பார்த்தோம். கூண்டைத் திறந்தே வைத்து, ஹாலிலிருந்து மற்ற அறைகளுக்குப் போகாமல் தடுப்பு வைத்து, நான் படியில் போய் நின்றுகொண்டேன். மூடிய கூண்டில் இருபது விநாடியில் இரைக்க ஆரம்பித்தவன், திறந்திருந்தபோது மூன்று நிமிடம் தாங்கினான். அப்புறம் வாசலில் வந்து முனகினான். ஆக இரண்டு பயமும் இருக்கிறது, தனிமைதான் பெரியது. பகலில் கதவைச் சாத்துவதை விட்டுவிட்டோம்.

தடுப்பூசி முடியாததால் காப்பகத்தில் சேர்க்க முடியவில்லை. கீழ் வீட்டுப் பாட்டியிடம் கேட்டேன், தயக்கத்தோடுதான். அவர் காலை பத்தரை முதல் எங்கள் ஹாலில் உட்கார்ந்து பூக் கட்டுகிறார். மிளகு அவர் காலடியில் தூங்குகிறான். கணவர் இரண்டு வாரம் மதியத்துக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். பயிற்சி நேரம் தவிர அவன் தனியாக இருப்பதே இல்லை. அது நடுவில் கலைந்தால் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று டாக்டரும் சொன்னார். முன்னேற்றம் நின்றுபோனால் பதற்றத்துக்கு மருந்து இருக்கிறது, பார்க்கலாம் என்றார்.

சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சாம்பார் வைத்தேன். ஐந்தாம் நாள் சாவிச் சத்தத்துக்கு அவன் தலையைத் தூக்கவில்லை. நாலு நிமிடம், ஏழு நிமிடம், நடுவில் ஒரு நாள் எதிர்வீட்டுக் குக்கர் விசில் அடித்து எல்லாம் கெட்டுத் திரும்ப ஒரு நிமிடம். நேற்று இருபத்திரண்டு நிமிடம். நான் மாடிப்படியில் உட்கார்ந்து ஃபோனில் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவைப் பார்த்துக்கொண்டு நின்றான். கொட்டாவி விட்டான். பிறகு கூண்டுக்குள் பாதி உடம்பும் வெளியே பாதி உடம்புமாக, என் பழைய துப்பட்டா மேல் தாடையை வைத்துக்கொண்டு படுத்தான். கை மைக் பொத்தானுக்குப் போனது. அழுத்தவில்லை.

செம்பருத்தி:

துப்பட்டா துவைத்ததா, துவைக்காததா?

தூறல்:

துவைக்காதது. ஞாயிற்றுக்கிழமை நான் கட்டிக்கொண்டு சமைத்துவிட்டு, திரும்ப உள்ளே போட்டுவிடுகிறேன்.