லண்டனுக்கு ஒரு சனி ஞாயிறு: காசு எந்த ஓட்டையில் போகிறது?

செப்டம்பரில் மாஸ்டர்ஸ் படிக்க ஷெஃபீல்டுக்கு வந்த தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணா, நானும் ரூம்மேட்டும் ஒரு வீக்கெண்ட் லண்டன் போயிட்டு வரலாம்னு இருக்கோம். என்னென்ன பார்க்கலாம், எவ்வளவு ஆகும்?"

என்னென்ன பார்க்கலாம் என்பதற்கு ஆயிரம் வீடியோ இருக்கிறது தம்பி. நானும் போகும் முன் அத்தனையும் பார்த்து, எக்செல்லில் பதினான்கு இடம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்து வைத்திருந்தேன். அதில் ஆறுதான் பார்த்தோம். அது போகட்டும். எனக்குத் தெரிந்தது வேறு: லண்டனில் பார்க்கிற இடத்துக்குப் பெரிதாகச் செலவு கிடையாது. தெரியாமல் செய்கிற தப்புக்குத்தான் செலவு. நாங்கள் செய்த தப்புகளைச் சொல்கிறேன், நீங்கள் புதிதாக வேறு ஏதாவது செய்துகொள்ளுங்கள்.

முதலில் ரயில். நாங்களும் ஷெஃபீல்டுதான். அங்கிருந்து லண்டன் செயின்ட் பேங்க்ரஸ் ஸ்டேஷனுக்கு இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். கோச் பஸ் விலை குறைவு, ஆனால் இரண்டு மடங்கு நேரம். இரண்டே நாள் பயணத்தில் பாதி நாளை மோட்டார்வேயில் தொலைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ரயிலில் அட்வான்ஸ் டிக்கெட் சீக்கிரம் எடுத்தால் விலை வித்தியாசம் நிறைய. ஆனால் அந்த டிக்கெட் அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான். தவறவிட்டால் அடுத்த ரயிலில் ஏறி "சார், மன்னிச்சிடுங்க" என்று நிற்க முடியாது, புது டிக்கெட் எடுக்கவேண்டியதுதான். ஆகவே காலை ஆறரை ரயில் மலிவாகத் தெரிந்தாலும், உங்கள் ரூம்மேட் எத்தனை மணிக்கு எழுகிற ஆள் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ரயில்கார்டு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. 16-25 ரயில்கார்டு வருடத்துக்கு 35 பவுண்டு, டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும். 26 வயது தாண்டினாலும் முழுநேர மாணவர் என்றால் கிடைக்கும். 'டூ டுகெதர்' என்று இன்னொன்று உண்டு. இரண்டு பேர் பெயரில் ஒரே கார்டு, அதே 35 பவுண்டு, ஆளுக்குப் பதினேழரைதான். ஆனால் இருவரும் ஒன்றாகப் பயணம் செய்தால்தான் செல்லும். நாங்கள் அதைத்தான் எடுத்தோம். நடுவில் சண்டை வந்தாலும் பிரிந்து போக முடியாது என்பது அதில் உள்ள கூடுதல் வசதி.

சண்டை வந்தது. சொல்கிறேன்.

என் ரூம்மேட் குண்டூர்க்காரன். சென்னையில் நான்கு வருடம் இன்ஜினியரிங் படித்தவன், அதனால் தமிழ் பேசுவான், கடைசியில் ஒரு 'ரா' மட்டும் ஒட்டிக்கொள்ளும். சனிக்கிழமை காலை செயின்ட் பேங்க்ரஸில் இறங்கி, டியூப் (லண்டன் மெட்ரோ ரயில்) எடுக்காமல் நடந்தே போனோம். பிரிட்டிஷ் மியூசியம் அரை மணி நேரம்கூட நடை இல்லை. வழியில் ரஸ்ஸல் சதுக்கம் பக்கம் சோயாஸ் கல்லூரி வளாகத்தில் 1996-இல் வைத்த திருவள்ளுவர் சிலை இருக்கிறது. இரண்டு நிமிட வேலை, பார்த்துவிட்டுப் போங்கள். குளிரில் மேல்சட்டை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறவரைப் பார்த்ததும், நான்கு அடுக்கு உடுத்தியிருந்த எனக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது.

மியூசியத்துக்குக் கட்டணம் இல்லை. முன்பதிவும் இலவசம், செய்துகொண்டு போனால் வரிசை குறையும். ஆனால் சக்கரம் வைத்த பெட்டியை உள்ளே விடமாட்டார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் பெட்டியோடு வாசலிலேயே திரும்பியது. இரண்டு நாளுக்குத் தோள்பை போதும் தம்பி. ஸ்டேஷனில் பெட்டியை வைத்துவிட்டு வரக் கொடுக்கிற காசில் இரண்டு வேளை சாப்பிடலாம்.

என் எக்செல் கணக்கில் மியூசியத்துக்கு ஒரு மணி நேரம். ரொசெட்டா கல், எகிப்து மம்மி, முடிந்தது. கிளம்பும்போது, இந்தியச் சிற்பங்கள் இருக்கிற 33-ஆம் அறையை எட்டிப் பார்த்துவிடுவோம் என்று நுழைந்தோம். அதை ஒட்டி 33ஏ என்று கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு தனி அறை. ஆந்திராவில் குண்டூர் பக்கம் இருந்த அமராவதி பௌத்த ஸ்தூபத்தின் கற்கள் அங்கேதான் இருக்கின்றன. சாம்பலில் லேசாகப் பச்சை ஓடுகிற சுண்ணாம்புக்கல். ஒரு பலகையில் முழு ஸ்தூபத்தையே சின்னதாகச் செதுக்கியிருக்கிறார்கள். வாசலில் சிங்கங்கள், மேலே பறந்து வருகிறவர்கள், நடுவில் இடைவெளி என்று விரல் வைக்க இடம் கிடையாது. குண்டூர்க்காரன் அதன் முன்னால் அப்படியே நின்றுவிட்டான்.

"இது எங்க ஊர் பக்கம் ரா."

வீட்டுக்கு வீடியோ கால் போட்டான். அவன் அப்பாவைச் சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அமராவதிக்கு அழைத்துப் போனார்களாம். அங்கே மண்மேடுதான் பார்த்தாராம். இப்போது மகன் போனைக் கல்லுக்குக் கல் நகர்த்திக் காட்ட, அவர் அங்கிருந்து "கொஞ்சம் இடது பக்கம், கொஞ்சம் கீழே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். 1840-களில் வால்டர் எலியட் என்ற அதிகாரி தோண்டி மெட்ராஸுக்கு அனுப்பியவை, 1859-இல் லண்டன் வந்திருக்கின்றன. இன்னொரு பெரிய பகுதி நம் எழும்பூர் மியூசியத்தில் இருக்கிறது. நான் ஈரோட்டிலிருந்து பள்ளிச் சுற்றுலா போனபோது அதைக் கடந்து டைனோசரைப் பார்க்க ஓடியவன். அவன் சென்னையில் நான்கு வருடம் இருந்து எழும்பூர் பக்கமே போகாதவன்.

ஒரு மணி நேரம் மூன்றாகிவிட்டது. எனக்குக் கடுப்பு. வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து, நீ ஒரு கல்லுக்கு இவ்வளவு நேரம் எடுத்தால் மிச்சம் எப்போது பார்ப்பது என்று கத்தினேன். "நீ பார்க்கறதுக்கு வந்தியா, டிக் அடிக்கறதுக்கு வந்தியா?" என்றான். பதில் தெரியவில்லை. பையிலிருந்து புளியோதரை டப்பாவை எடுத்தேன். சாப்பிட்டோம்.

கிளம்பும் முன்பே ஆளுக்கு ஒரு இடம் 'இது என் இடம், இங்கே நீ வாட்ச் பார்க்கக் கூடாது' என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு பேச்சை நாங்கள் தவறவிட்டோம். எந்த நேரத்தில் எவன் பசியில் எரிந்து விழுவான் என்பதெல்லாம் சமையலறையை மட்டும் பங்கிட்டுக்கொள்ளும்போது தெரிவதில்லை.

சாப்பாட்டுக்கு, கட்டுச்சோறு கொண்டுபோவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. முடியாவிட்டால் சூப்பர்மார்க்கெட் மீல் டீல், அதாவது சாண்ட்விச், நொறுக்கு, பானம் மூன்றும் சேர்ந்த மலிவு செட். உட்கார்ந்து சாப்பிடுகிற கடைகளில் பில்லில் 12.5 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் என்று சேர்த்திருப்பார்கள். பெரும்பாலும் அது விருப்பத் தொகைதான், வேண்டாம் என்றால் எடுத்துவிடச் சொல்லலாம். எனக்கு அந்தத் தைரியம் இன்னும் வரவில்லை.

இனி பெரிய ஓட்டை: டியூப். தனியாக டிக்கெட் எடுக்க வேண்டாம், கான்டாக்ட்லெஸ் (தட்டினால் காசு போகிற) வங்கிக் கார்டு போதும். ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் எடுக்காது என்று ஒரு வரம்பு உண்டு, கணினியே கணக்குப் போட்டுக்கொள்ளும். ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும், ஒரே கார்டில் இரண்டு பேர் போக முடியாது. இதெல்லாம் எல்லாரும் சொல்வார்கள். சொல்லாதது: ஒரே வங்கிக் கார்டாக இருந்தாலும், போனில் இருப்பது ஒன்று, கையில் இருக்கிற பிளாஸ்டிக் வேறு. உள்ளே போக எதைத் தட்டினீர்களோ வெளியே வரவும் அதையேதான் தட்ட வேண்டும். என் ரூம்மேட் காலையில் முழுக்க வீடியோ கால் பேசி பேட்டரியைத் தீர்த்திருந்தான். போனைத் தட்டி உள்ளே போனான், இறங்கும்போது போன் செத்துவிட்டது, கார்டைத் தட்டி வெளியே வந்தான். இரண்டையும் முடியாத பயணமாக எடுத்துக்கொண்டு இரண்டிலும் அதிகபட்சக் கட்டணம். ஆன்லைனில் முறையிட்டுத் திரும்ப வாங்கிவிட்டான், ஆனால் அன்று ராத்திரி முழுக்க அதே புலம்பல். பவர் பேங்க் எடுத்துப் போங்கள். இந்திய வங்கிக் கார்டையும் தட்டலாம், ஆனால் வெளிநாட்டுப் பரிமாற்றக் கட்டணம் தனியாக ஏறும். இங்கே கணக்கு திறந்த பிறகு போவது நல்லது.

ஆய்ஸ்டர் கார்டுக்கு (முன்பணம் ஏற்றித் தட்டுகிற லண்டன் பயண அட்டை) ஒரு லாபம் இருக்கிறது: 16-25 ரயில்கார்டை அதில் ஸ்டேஷன் ஊழியரிடம் சொல்லி இணைக்கலாம், கூட்டமில்லாத நேரக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். வாரக் கடைசி முழுக்க அந்த நேரம்தான். கான்டாக்ட்லெஸ்ஸில் இது முடியாது, எங்கள் டூ டுகெதரிலும் முடியாது. ஆனால் ஆய்ஸ்டர் அட்டைக்கே ஒரு விலை, அது திரும்ப வராது. வருடத்துக்கு நாலு தடவை லண்டன் வருகிறவருக்குத்தான் கட்டும்.

அப்புறம், டியூப் வரைபடத்தை நம்பி தூரத்தை அளக்காதீர்கள். லெஸ்டர் ஸ்கொயருக்கும் கோவன்ட் கார்டனுக்கும் நடுவே கால் கிலோமீட்டர்தான். அதற்கு ரயில் ஏறுகிறவர்கள், படி இறங்கி ஏறுகிற நேரத்தில் நடந்தே போய்ச் சேர்ந்திருக்கலாம். ஊர் பார்க்க பஸ்தான் நல்லது. 1.75 பவுண்டு, ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் அதே காசுதான். பணமாகக் கொடுத்தால் வாங்கமாட்டார்கள். டிராஃபல்கர் சதுக்கத்தில் 15-ஆம் எண் பஸ்ஸில் ஏறி மாடியில் முன் சீட்டைப் பிடித்தோம். செயின்ட் பால்ஸ் கோபுரமெல்லாம் கடந்து லண்டன் டவர் வரைக்கும் உட்கார்ந்தபடியே போனோம். டூர் பஸ்ஸுக்கு ஏன் காசு கொடுக்கிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை. அங்கே இறங்கினால் டவர் பிரிட்ஜ். இரண்டு கோபுரம் வைத்த அதைத்தான் நம் ஆட்கள் லண்டன் பிரிட்ஜ் என்று ஸ்டேட்டஸ் போடுவார்கள். நிஜ லண்டன் பிரிட்ஜ் பக்கத்தில் சாதுவாக, சொன்னால்தான் தெரியும்படி இருக்கும்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு டவர் ஹில்லில் டிஸ்ட்ரிக்ட் லைன் ஏறி ஈஸ்ட் ஹாம். மாறவே வேண்டாம், ஒரே ரயில். ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் கடை வாசலில் முருங்கைக்காய் கட்டாக நிற்கிறது, போர்டுகளில் தமிழ். ஒரு கடையில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் "என்ன வேணும் தம்பி, கொத்து போடட்டே?" என்று கேட்டபோது, நாலு மாதமாக எவரும் என்னைத் தம்பி என்று கூப்பிடவில்லை என்பது உறைத்தது. குண்டூர்க்காரன் கொத்து ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு, காரம் பரவாயில்லை என்று சான்றிதழ் கொடுத்தான். அவனிடமிருந்து அது பெரிய விஷயம்.

தங்க ஹாஸ்டல். பூட்டு, துண்டு இரண்டும் கையோடு. பாஸ்போர்ட்டும் எடுத்துப் போங்கள். ஹோட்டலில் தங்குகிற வெளிநாட்டவரின் பாஸ்போர்ட் எண்ணைக் குறித்துவைக்கும் சட்டம் நம்மைப் போன்ற காமன்வெல்த் நாட்டவருக்குப் பொருந்தாது, ஆனாலும் அடையாளத்துக்குக் கேட்கலாம். ஈ-விசா ஆனபின் எல்லாம் போனில் இருக்கிறது என்று நினைத்து வந்த ஒரு பையன் ராத்திரி பதினொரு மணிக்கு கவுன்டரில் நின்று ரூம்மேட்டுக்கு போன் போட்டுக்கொண்டிருந்தான்.

ஞாயிறு, பக்கிங்ஹாம் அரண்மனைக் காவல் மாற்றம். பெரும்பாலும் திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு பதினொரு மணிக்கு. சனிக்கிழமை போய் ஏமாறாதீர்கள், கிளம்பும் முன் அட்டவணையைப் பாருங்கள். உள்ளபடி சொன்னால் எங்களுக்குத் தெரிந்தது முன்னால் நின்றவர்களின் செல்ஃபி ஸ்டிக்தான். வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் மூன்று கிண்ணத்தில் உருண்டை எங்கே என்று ஒரு விளையாட்டு நடக்கும். ஜெயித்துக்கொண்டிருப்பவரும் அவர்கள் ஆள்தான். ரோட்டோரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு மேப் பார்க்காதீர்கள். சைக்கிளில் வந்து பிடுங்கிக்கொண்டு போகிறார்கள்.

திரும்பும் ரயில்தான் கடைசிக் கூத்து. ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாள வேலை சகஜம். எங்கள் ரயிலுக்குப் பாதி வழியில் பஸ் விட்டார்கள், அந்த பஸ்ஸும் தாமதம். அறைக்கு வந்தபோது நள்ளிரவு, திங்கள் காலை ஒன்பது மணிக்கு லேப். டிக்கெட் எடுக்கும்போதே அந்த ஞாயிறு வேலை இருக்கிறதா என்று பார்த்திருந்தால் மதியமே கிளம்பியிருப்போம். தாமதமானால் 'டிலே ரீபே' என்று பணம் திரும்பக் கேட்கலாம், டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். 28 நாளுக்குள் கேட்கவேண்டும். நான் மறுநாளே விண்ணப்பித்தேன். அவன் நாளைக்கு நாளைக்கு என்று 27-ஆம் நாள் ராத்திரி போட்டான். அவனுக்குத்தான் முதலில் வந்தது.