முற்றிய கேன்சரில் வீட்டோடு இருந்து கவனிப்பவர்கள்: ஆன்லைன் கூட்டம் உங்களுக்கு உதவியதா?

எங்களுக்கு ரொம்பவே உதவியது. அத்தைக்கு (மாமியார்) வயிற்றில் கேன்சர், ஈரலுக்குப் பரவிய பிறகுதான் தெரிந்தது. இனி கீமோ வேண்டாம், வலி இல்லாமல் வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாங்கள் இருப்பது திருவொற்றியூர். கவனிப்பவர்களுக்கான கூட்டம் நடந்த இடமோ ஊரின் இன்னொரு கோடி, போய்வர அரை நாள் ஆகும், அவரை யாரிடம் விட்டுப் போவது? அதையே ஜூமிலும் நடத்துகிறார்கள் என்று நர்ஸ் லிங்க் அனுப்பினார். கேமராவை அணைத்துவிட்டு, காதில் ஹெட்செட்டோடு கஞ்சி கிளறிக்கொண்டே கேட்பேன்.

அதில் எனக்குப் பெரிய விஷயம் என்னவென்றால், கூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் மாத்திரையை ஆரம்பித்தாலே கடைசிக் கட்டம் என்று நாத்தனார் பிடிவாதமாக இருந்தார், அதனால் அத்தை அழுதால் மட்டும் மாத்திரை என்று ஆகிவிட்டது. நான் சொன்னால் எடுபடவில்லை. ஒரு சனிக்கிழமை அவரும் இருந்தபோது போனை ஸ்பீக்கரில் போட்டேன். வலி வரும்வரை காத்திருக்காதீர்கள், டாக்டர் எழுதியபடி நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுங்கள், மலச்சிக்கல் வரும், அதற்கு முதல் நாளிலிருந்தே மருந்து சேர்த்துக் கொடுங்கள், முதல் சில நாள் தூக்கக் கலக்கம் இருக்கும், அப்புறம் குறையும் என்று நர்ஸ் பொறுமையாகச் சொன்னார். நாத்தனார் ஒன்றும் பேசவில்லை. அன்று ராத்திரி பத்து மணி மாத்திரையை அவரே எடுத்துக் கொடுத்தார்.

சாப்பாடும் அப்படித்தான். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் "நல்லா ஊட்டி விடும்மா, எலும்பா கிடக்காங்க" என்பார்கள். அதைக் கேட்கிற ஒவ்வொரு தடவையும் நான்தான் பட்டினி போடுகிறேனோ என்று நெஞ்சை அடைக்கும். நோய் இந்த அளவுக்கு வந்தபின் உடம்பு சாப்பாட்டை ஏற்றுக்கொள்ளாது, கேட்டால் ரெண்டு ஸ்பூன், மற்ற நேரம் வாயையும் உதட்டையும் ஈரமாக வைத்தால் போதும் என்று கூட்டத்தில் சொன்னதை என் கணவரும் கேட்டார். அதற்கப்புறம் வருகிறவர்களுக்கு அவரே பதில் சொல்லிவிடுவார்.

தாம்பரத்திலிருந்து ஒருவர் பேசுவார். மனைவிக்கு மார்பில் புண், நாற்றம் தாங்காமல் சொந்தக்காரர்கள் வாசலோடு போய்விடுகிறார்கள் என்று சொல்லும்போதே அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. புண்ணைக் கழுவியபின், நாற்றத்தைக் குறைக்க, மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையைப் பொடித்துத் தூவலாம், உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்றார்கள். அடுத்த கூட்டத்தில், மகள் இப்போது அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து படிக்கிறாள் என்றார்.

ஒன்று கவனியுங்கள். வலிநிவாரண சிகிச்சை தெரிந்த நர்ஸோ டாக்டரோ இல்லாத வாட்ஸப் குரூப்களில் சேராதீர்கள். அங்கே இலை, வேர், அற்புத மருந்து என்று ஃபார்வர்டு வந்து குவியும், பணமும் போகும், கிடைக்கிற கொஞ்ச நாளும் போகும்.

—

பதில்: உங்கள் பதிவைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன், நான் பெரம்பூர், அப்பாவுக்கு நுரையீரலில் கேன்சர். தெரு மெடிக்கலில் மார்ஃபின் கேட்டு அலையாதீர்கள், பெரும்பாலும் அனுமதி பெற்ற மருத்துவமனைகளில்தான் கிடைக்கும். 2014-ல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்திய பிறகு அந்த அனுமதி வாங்குவது முன்பைவிட எளிது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலிநிவாரண சிகிச்சைக்கு வீட்டுக்கே வருகிறார்கள், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். நமக்கே தூக்கம் கெட்டு மனசு தாங்காதபோது 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம், எந்நேரமும் எடுப்பார்கள், காசு இல்லை. அந்த ஜூம் லிங்கை எனக்கும் அனுப்ப முடியுமா? அண்ணனும் கேட்க வேண்டும், அவன் இன்னும் அப்பாவுக்கு மார்ஃபின் வேண்டாம் என்றுதான் நிற்கிறான்.