‘ரெஸ்டரேஷன்’ – புதுப்பித்தலா, நிலைமீட்பா?

மதிப்பிற்குரிய சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைச் சீர்செய்து ஓட்டும் பொழுதுபோக்கைப் பற்றித் தாம் எழுதிவரும் நூலுக்காக, பழுதான பழைய காரை அதன் முந்தைய நிலைக்குக் கொண்டுவருவதாகிய ‘ரெஸ்டரேஷன்’ என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும் என்று நண்பர் இக்குழுவில் கேட்டிருந்தார். ‘புதுப்பித்தல்’, ‘மறுசீரமைப்பு’, ‘மீட்டமைத்தல்’, ‘மீட்டுருவாக்கம்’ என நான்கு பரிந்துரைகள் வந்துள்ளன. நான்கும் நல்ல சொற்களே. ஆயினும் இந்த வேலையைக் கையால் செய்பவர்கள் எதை எதிலிருந்து பிரித்துப் பார்க்கிறார்கள் என்பதைக் கவனிக்காமல் தேர்ந்தெடுத்தால், நூலின் இரண்டாம் அத்தியாயத்திலேயே சொல் காலை வாரிவிடும்.

‘புதுப்பித்தல்’ முதலில் விலக்கப்பட வேண்டியது. உரிமத்தைப் புதுப்பிக்கிறோம், சந்தாவைப் புதுப்பிக்கிறோம். புதிதாக்குவதே அதன் பொருள். பழங்கார் ஆர்வலர்களோ ஒரு கார் ஆலையிலிருந்து வெளிவந்த நாளில் இருந்ததைவிடப் பளபளப்பாக இருந்தால் அதைக் குறையாகவே சொல்வார்கள். அன்றைய தொழிலாளி விட்டுச்சென்ற வெல்டிங் தழும்பையும் கதவிடுக்கில் சற்றே மேடுபள்ளமாக நிற்கும் பூச்சையும் தேய்த்துச் சமமாக்கிவிட்டால், கார் புதிதாகியிருக்கும். ஆனால் பழைய கார் போயிருக்கும். ‘மறுசீரமைப்பு’ மாநிலங்களுக்கும் தொகுதிகளுக்கும் நேர்ந்துவிடப்பட்ட சொல்லாகிவிட்டது. ‘மீட்டமை’ என்பதைக் கைப்பேசியில் அழுத்தினால் உள்ளிருப்பதெல்லாம் அழிந்துபோகிறது. இருப்பதைக் காப்பாற்றும் வேலைக்கு அந்தச் சொல்லையா வைப்பது?

‘மீட்டுருவாக்கம்’ பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தொல்திராவிடச் சொற்களை மொழியியலார் மீட்டுருவாக்குகிறார்கள். அதாவது, இன்று கையில் இல்லாத ஒன்றைச் சான்றுகளைக்கொண்டு மறுபடி கட்டுகிறார்கள். கார் உலகிலும் இதற்கு நேரான வேலை ஒன்று உண்டு, ஆனால் அது ரெஸ்டரேஷன் அன்று. பிரான்சில் நடக்கும் லெ மான் 24 மணிநேரக் கார்ப் பந்தயத்தில் 1955, 1956, 1957 ஆகிய மூன்றாண்டுகளும் வென்ற, ஜாகுவார் நிறுவனத்தின் டி-டைப் பந்தயக் கார்களில் விற்காமல் மிஞ்சியவற்றை, ஓட்டுநர் தலைக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் பின்துடுப்பை நீக்கி, பயணிக்கு ஒரு கதவு வைத்து, முன்கண்ணாடி பொருத்தி, எக்ஸ்கே-எஸ்எஸ் என்ற சாலைக் காராக மாற்றத் தொடங்கினார்கள். 1957 பிப்ரவரி 12 அன்று இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரிலுள்ள ஜாகுவாரின் பிரவுன்ஸ் லேன் ஆலையில் பிடித்த தீயில், திட்டமிட்ட 25 கார்களில் 9 எரிந்துபோயின. 16 மட்டுமே நிறைவு பெற்றன. எரிந்த ஒன்பதுக்கு ஈடாகப் புதிதாக ஒன்பது கார்களைக் கட்டப்போவதாக 2016-இல் அந்நிறுவனமே அறிவித்தது. அந்த ஒன்பதுக்குத்தான் ‘மீட்டுருவாக்கம்’ பொருந்தும். பிழைத்த பதினாறில் ஒன்றின் துருவை அகற்றி ஓட வைப்பது முற்றிலும் வேறு செயல்.

அந்தப் பதினாறே இன்னொரு சிக்கலையும் காட்டுகின்றன. உரிமையாளர் ஒருவர் துடுப்பைத் திரும்பப் பொருத்தி டி-டைப்பாக்கினால், அவர் காரைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தாரா, அல்லது 1957-இன் வரலாற்றை அழித்தாரா? வரலாற்று வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பாகிய ஃபீவா, நினைவுச்சின்னங்களுக்கான 1964-ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தைப் பின்பற்றித் தனக்கென ஒரு டுரின் சாசனத்தை வகுத்துக்கொண்டது இத்தகைய கேள்விகளுக்காகவே. அது பேணுதலையும் ரெஸ்டரேஷனையும் தனித்தனியே வரையறுக்கிறது.

ஆகவே என் பரிந்துரை ‘நிலைமீட்பு’. செய்பவர் நிலைமீட்பாளர், வினையாக, 1962-ஆம் ஆண்டின் நிலைக்கு மீட்டார் என எழுதலாம். ‘எந்த நிலைக்கு?’ என்ற கேள்வியைச் சொல்லே கேட்க வைப்பதால் எழுதுபவர் நழுவ முடியாது. இதற்கு இணையாக, இருப்பதை இருக்கும்படியே காப்பதற்கு ‘நிலைபேணல்’ என்று வைத்துக்கொள்ளலாம். எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் எஸ்.யூ. வகைக் கார்புரேட்டரின் தலையிலுள்ள சிறு மூடியைத் திருகி எடுத்து மெல்லிய எண்ணெய் ஊற்றுவது, ஈரத்தை உறிஞ்சிவிடும் பிரேக் திரவத்தைக் காலந்தோறும் மாற்றுவது போன்றவற்றுக்குப் ‘பராமரிப்பு’ இருக்கவே இருக்கிறது. டிங்கரிங், பட்டி பார்த்தல் ஆகியவற்றில் கை வைக்க வேண்டாம். பட்டறையில் அவை தமிழாகி வெகுநாள் ஆகிவிட்டது.

காலத்தால் மங்கிய பூச்சையும் வெடித்துக் குழைந்த தோல் இருக்கையையும் குறிக்கும் ‘பட்டினா’வுக்கு அம்மையார் ஒருவர் ‘களிம்பு’ என்று எழுதியிருந்தார். செம்பின் மீது படர்வதை வைத்துப் பார்த்தால் சரியே. ஆனால் நமக்குக் களிம்பு என்பது புளி போட்டுத் தேய்த்துப் போக்க வேண்டியது. சைவ சித்தாந்தம் உயிரைப் பற்றிய மலத்துக்கே அதை உவமையாக்கியிருக்கிறது. தேய்க்காதே என்று சொல்ல வேண்டிய இடத்தில் தேய் என்று சொல்லும் சொல் எதற்கு? ‘காலமெருகு’ என்றால் அம்மையார் ஏற்பாரா என அறிய விரும்புகிறேன்.

கடைசியாக, தமிழ்ப்பெயர் வேண்டிய ஒரு சிறிய பாகம். இங்கிலாந்தில் என் தம்பி வைத்திருக்கும் 1966-ஆம் ஆண்டு எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில், கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம்வரை ஓடும், பல தகடுகளைச் சேர்த்துப் பற்றவைத்த பெட்டி துருவேறி, விரலால் அழுத்தினாலே உதிர்ந்தது. இந்தக் காருக்குத் தனிச் சட்டகம் (சேஸி) கிடையாது. திறந்த கூரை என்பதால் உடலின் பலத்தில் பெரும்பங்கு அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. கதவு இடைவெளியில் முட்டுக்கம்பி கொடுக்காமல் நாங்கள் இருவரும் ஆர்வக்கோளாறில் அதை அறுத்தெடுக்க, உடல் நடுவில் அரை விரல் அளவு தொய்ந்து, மாலையில் கதவு மூட மறுத்துவிட்டது. திரும்ப ஜாக்கி வைத்துத் தூக்கி, மில்லிமீட்டர் மில்லிமீட்டராக இடுக்கை அளந்து நேராக்க இரண்டு வாரம் பிடித்தது. ஆங்கிலத்தில் அதை ‘சில்’ என்கிறார்கள்; வீட்டு வாசலின் கீழ்க்கட்டைக்கும் அங்கே அதே பெயர்தான். நம் தச்சர்கள் அக்கட்டையை நிலைப்படி என்பார்கள். தாண்டித்தான் உள்ளே போக வேண்டும், அது ஆடினால் கதவு நிற்காது. இரண்டுக்கும் பொருத்தம் அத்தனை இருப்பதால் காரின் பெட்டியையும் நிலைப்படி எனலாம். ஆனால் நிலைமீட்பில் வரும் நிலையும் நிலைப்படியில் வரும் நிலையும் ஒரே பக்கத்தில் மோதிக்கொள்ளுமோ என்பதே என் ஐயம். தச்சு, கட்டடச் சொற்களில் பழக்கமுள்ள குழுவினர் இதற்கு மட்டும் விடை தந்தால் நண்பரின் சொற்பட்டியலில் சேர்த்துவிடலாம்.

அன்புடன்.