டிரிஸ்டன் டா குன்ஹா: தனிமை அம்மக்களை எப்படி வளர்த்தது?

கேள்வி: தென் அட்லாண்டிக் கடலிலுள்ள இத்தீவுக்கு விமான நிலையம் இல்லை, கேப் டவுனிலிருந்து கப்பலில் செல்ல ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். இத்தகைய தனிமை அங்குள்ளோரின் வாழ்க்கை முறையை எவ்வாறு மாற்றியிருக்கிறது?

பதில் 1: நிலம் அங்கே பொதுச்சொத்து; வெளியார் வாங்க முடியாது. 1817இல் அங்கே குடியேறிய வில்லியம் கிளாஸும் உடன் தங்கியவர்களும், எவரும் எவருக்கும் மேலானவர் அல்லர் என்று எழுதிக்கொண்ட உடன்படிக்கை, உதவிக்கு வேறு ஆளில்லாத இடத்தில் தவிர்க்க முடியாததாகவே இருந்திருக்கும் என்பது என் கருத்து. உருளைக்கிழங்குப் பயிரிடுதல் இன்றும் தொடர்கிறது.

பதில் 2: தனிமையை அவர்கள் சுமையாக மட்டும் கருதவில்லை. 1961இல் எரிமலை வெடித்து அனைவரும் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது, வேலையும் வீடும் கிடைத்தும், பெரும்பாலோர் 1963இல் ஊர் திரும்பினர்.

பதில் 3: உண்மைதான், ஆனால் சில முன்னோர்களிடமிருந்தே பெருகிய மக்கள் என்பதால், மரபுவழியாக வரும் ஆஸ்துமா அங்கே மிகுதி என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.