தினமும் ஸ்டோயிக் பழக்கம், யாராச்சும் செய்றீங்களா?

செந்தூல் பையன்:
வணக்கம். காலைல ஃபெடரல் ஹைவே ஜேம்ல நிக்கிறப்பவே சூடு ஏறிடுது, ஆபீஸ்ல நம்ம செஞ்ச வேலைய இன்னொருத்தர் தன்னோடதுன்னு சொன்னா அன்னைக்கு முழுக்க மனசு அதுலயே நிக்குது. மனச நிதானமா வச்சுக்கப் பழக்குற ஸ்டோயிக்னு பழைய கிரேக்க, ரோமத் தத்துவம் படிக்க ஆரம்பிச்சிருக்கேன், தினமும் எப்படிப் பழகுறது?

பினாங்கு அக்கா:
தம்பி, செனெகான்னு பழைய ரோம் ஸ்டோயிக் ஒருத்தர் செஞ்சத செஞ்சு பாருங்க. ராத்திரி விளக்கு அணைச்சு, மனைவியும் பேச்ச நிறுத்துனதும், அன்னைக்கு பேசுனது செஞ்சது எல்லாத்தையும் ஒண்ணு விடாம தனக்குள்ள விசாரிப்பாராம், கோபத்தப் பத்தி எழுதுன மூணாவது புத்தகத்துல இருக்கு. ஆனா தன்னையே திட்டிக்க மாட்டாரு, இந்தத் தடவை மன்னிச்சேன், இனி செய்யாதன்னு விட்டுடுவாரு. எனக்கு அதுதான் ரொம்ப முக்கியமா படுது, ஏன்னா நம்ம ஆளுங்க அடக்கம்னா தன்னைத்தானே மட்டம் தட்டிக்கிறதுன்னு நெனச்சிடுறாங்க.

ஈப்போ ரோட் அண்ணன்:
சரியா சொன்னீங்க அக்கா. கூடவே எபிக்டெட்டஸ்னு இன்னொரு ஸ்டோயிக்கையும் படிங்க தம்பி, அடிமையா இருந்த மனுஷன் லா. நம்ம கையில இருக்கறது எது, இல்லாதது எதுன்னு பிரிச்சுப் பாருன்னு சொல்றாரு. ஜேம் நம்ம கையில இல்ல, ஹார்ன் அடிக்கிறது நம்ம கையில. ஆபீஸ் விஷயத்துல மட்டும் வாய மூடிக்கிட்டு இருந்துடாதீங்க, கோபமில்லாம போய் சொல்லுங்க, அதுவும் ஸ்டோயிக்தான். அப்புறம் தைப்பூசத்துக்கு விரதம் இருப்பீங்கள்ல, செனெகாவும் தன் நண்பர் லூசிலியஸுக்கு எழுதுன 18ஆவது கடிதத்துல, சில நாள் கொஞ்சமா எளிய சாப்பாடு, முரட்டுத் துணின்னு இருந்து பாருன்னு சொல்றாரு.

செந்தூல் பையன்:
நன்றிண்ணே, நன்றிக்கா. இன்னைக்கு ராத்திரியே ஆரம்பிக்கிறேன். இத நோட்டுல எழுதணுமா, மனசுலயே செஞ்சா போதுமா?