புதுப்பிப்பு: பழைய பி450 போர்டில் ரைசன் 5600 ஓடுகிறது

பழைய பி450 மதர்போர்டில் ரைசன் 5 5600 பிராசஸர் வேலை செய்யுமா என்று முன்பு கேட்டிருந்தேன். செய்கிறது! சாக்கெட், அதாவது பிராசஸரைப் பொருத்தும் இடம், இரண்டுக்கும் ஒரே ஏஎம்4 தான். ஆனால் பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடங்கி வைக்கும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) புதியதாக இருக்க வேண்டும். இங்கே டர்பனில், சாட்ஸ்வர்த் பகுதியில் போர்டை விற்ற அண்ணன், பழைய பயாஸிலும் ஓடும் தன் ரைசன் 2600 பிராசஸரை முதலில் மாட்டி, பென்டிரைவிலிருந்து புதிய பயாஸை ஏற்றித் தந்தார். பெரிய மனசு. அப்புறம்தான் 5600-ஐ வைத்தோம். அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. அண்ணனுடைய பழைய கிராபிக்ஸ் கார்டைச் செருகியதும் திரையில் படம் வந்தது.

ரேம் இரண்டு 8 ஜிபி, டிடிஆர்4. பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களில் போட்டேன்.

பவர் சப்ளையில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். டர்பனில் மின்வெட்டு முடிந்து கரண்ட் திரும்பும்போது வோல்டேஜ் எகிறலாம். சர்ஜ் பிளக்கும் வாங்கிவிட்டேன். அடுத்தது கிராபிக்ஸ் கார்டு. கேஸின் உள்நீளத்தை அளந்துவிட்டுத்தான் கடைக்குப் போவேன்.