அந்த அரை மணி யார் கணக்கில்?

பிரிக்பீல்ட்ஸ் இலைக்கடை:
நேற்று வேறொரு இழையில் 'பிறை ஷிப்ட்காரன்' எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "வாரத்துக்கு 48 மணி நேர வேலையை 45 ஆக்கியதில் எந்த முதலாளிக்கும் ஒரு காசு நட்டமில்லை, சாப்பாட்டு நேர அரை மணியைக் கழித்தால் கணக்கு சரி" என்கிறார். மலேசிய வேலைவாய்ப்புச் சட்டத்தின் அந்தத் திருத்தம் நடப்புக்கு வந்தது 2023 ஜனவரி 1. அன்று முதல் அதோடு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவன் நான்.

என் கடையில் ஒன்பது பேர். வாரம் ஆறு நாள், நாளுக்கு எட்டு மணி நேரம். காலை 7க்கு வந்தால் 3.30க்குப் போவார்கள், ஏனென்றால் சாப்பாட்டு அரை மணி எப்போதும் வேலை நேரத்துக்கு வெளியேதான் இருந்தது. ஏற்கெனவே கழித்துவிட்ட அரை மணியை இன்னொரு முறை எப்படிக் கழிப்பது?

கணக்கைப் பாருங்கள். 45ஐ ஆறு நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு ஏழரை மணி, அதற்கு மேல் போகும் அரை மணி ஓவர்டைம். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). 26ஆல் வகுத்தால் நாள் கூலி 65.38. அதை ஏழரையால் வகுத்தால் மணிக்கு 8.72. ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, 13.08. அரை மணிக்கு 6.54. மாதம் 26 நாள், ஒன்பது பேர்: 1,530 வெள்ளி. இது ஒரு காசா?

பிறை ஷிப்ட்காரன்:
என்னைக் குறிவைத்து இழை திறந்திருக்கிறீர்கள், சரி. சொன்னதில் மாற்றமில்லை. பினாங்கு மாநிலத்துப் பிறையில் ஒரு தொழிற்சாலையில் ஆள்பதிவும் சம்பளமும் பார்க்கிறேன். எங்கள் ஷிப்ட் எட்டு மணி நேரம், சாப்பாடு அதற்குள்ளேயே. 2022 கடைசியில் செய்தது ஒரே வேலை: அந்த அரை மணியை வேலை நேரத்தில் சேர்க்காமல் எழுதினோம். ஏழரை பெருக்கல் ஆறு, 45. ஒரு காசும் கூடவில்லை. உங்களுக்கு அட்டவணை போடத் தெரியவில்லை என்றால் சட்டம் என்ன செய்யும், அண்ணே?

பிரிக்பீல்ட்ஸ் இலைக்கடை:
அட்டவணை போடத் தெரியாதா? நீங்கள் ஏசி அறையில் கம்ப்யூட்டரில் போடுகிறீர்கள் தம்பி. நான் அடுப்படியில் போடுகிறேன். உங்கள் தொழிற்சாலையில் அரை மணி உள்ளே இருந்தது, வெளியே எடுத்தீர்கள். என் கடையில் அது உள்ளே இருந்ததே இல்லை. இதைத்தான் முதலிலும் சொன்னேன்.

பிறை ஷிப்ட்காரன்:
தம்பி என்று கூப்பிட வேண்டாம். எனக்கு 51 வயது.

செந்தூல் கேஷியர்:
நான் ஆறு வருடம் சாப்பாட்டுக் கடையில் கல்லாவில் இருந்தவள். எந்தக் கடை என்று சொல்லமாட்டேன். இரண்டு பேரும் அரை மணி, அரை மணி என்கிறீர்கள். அந்த அரை மணியில் யார் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்? பின்னால் டிரம் மேல் தட்டை வைத்து இரண்டு வாய் வைப்பதற்குள் "ஆள் வந்தாச்சு, வா" என்று குரல் வரும். கையைக் கழுவிக்கொண்டு ஓடுவோம். திரும்பி வந்தால் சோறு காய்ந்திருக்கும். அது ஓய்வா, வேலையா? பிரிக்பீல்ட்ஸ் அண்ணன் சொல்லட்டும்: வெள்ளிக்கிழமை மதியம் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையப் பக்கத்து ஆபீஸ் கூட்டம் வந்தால் உங்கள் ஆட்கள் தட்டை விட்டு எழுவார்களா, மாட்டார்களா?

பிரிக்பீல்ட்ஸ் இலைக்கடை:
நீங்கள் வேலை செய்த கடைக்கு நான் பொறுப்பில்லை, தங்கச்சி. இங்கே பேச்சு சட்டம் முதலாளிக்கு எவ்வளவு செலவு வைத்தது என்பது. குறைந்தபட்சச் சம்பளம் 2022 மே 1ல் 1,500. 2025 பிப்ரவரி 1ல் 1,700. ஆளுக்கு 200 ஏற்றம், ஒன்பது பேருக்கு 1,800. அதன் மேல் அரை மணி ஓவர்டைம் 1,530. 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டு ஆட்களுக்கும் ஈபிஎஃப் சேமநிதிக்கு முதலாளி பங்கு இரண்டு சதவிகிதம், அது ஆளுக்கு 34 வெள்ளி. அவர்களுக்காக அரசுக்குக் கட்டும் லெவி தனி. இலைச் சாப்பாட்டில் ஒரு வெள்ளி ஏற்றினால் பத்து வருடமாக வருகிற வாடிக்கையாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்.

பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாள் ஆனது. என் கடையில் ஒரு பெண்ணுக்கு அதை முழுச் சம்பளத்தோடு கொடுத்தேன், ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. பிள்ளை பிறந்த அப்பாவுக்கு ஏழு நாள், அதையும் கொடுத்தேன். நியாயமான விடுப்பு. எனக்கு எரிச்சல் தருவது, ஒன்றுமே செலவாகவில்லை என்று ஒருவர் பினாங்கில் உட்கார்ந்து எழுதுவதுதான்.

சட்டம் படித்தவள்:
கொஞ்சம் நில்லுங்கள். வேலைவாய்ப்புச் சட்டத்தின் 60ஏ பிரிவிலேயே விளக்கம் இருக்கிறது. ஊழியர் முதலாளியின் ஏவலுக்கு உட்பட்டு, தன் நேரத்தையும் நடமாட்டத்தையும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ள முடியாத நேரம் எல்லாம் வேலை நேரம். தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரை மணியாவது ஓய்வு வேண்டும். கூப்பிட்டால் எழ வேண்டும் என்றால் அது ஓய்வில் சேராது. நிறுத்த முடியாத, ஆள் விலக முடியாத வேலையில் மட்டும் எட்டு மணி நேரத்துக்குள்ளேயே சாப்பாட்டைச் சேர்க்கலாம், அதற்கும் மொத்தம் 45 நிமிடத்துக்குக் குறையக் கூடாது.

பிரிக்பீல்ட்ஸ் இலைக்கடை:
பார்த்தீர்களா! 45 நிமிடம்! பிறைக்காரர் கொடுப்பது அரை மணி! சட்டத்தை மீறியவர் எனக்குப் பாடம் நடத்துகிறார்.

பிறை ஷிப்ட்காரன்:
அந்த 45 நிமிடம் இயந்திரத்தை விட்டு நகர முடியாதவர்களுக்கு. எங்கள் ஆட்கள் கேன்டீனுக்கு இறங்கிப் போய் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். யாரும் கூப்பிடுவதில்லை. அந்த அம்மா எழுதியதை முழுதாகப் படியுங்கள், உங்களுக்கு வசதியான ஒரு வரியை மட்டும் பிடுங்காதீர்கள். தீபாவளி போனஸ் இழையிலும் இதைத்தான் செய்தீர்கள். பதில் சொல்ல முடியாமல் போனதும் உங்கள் பதிவையே அழித்துவிட்டீர்கள்.

பிரிக்பீல்ட்ஸ் இலைக்கடை:
அழித்தது என் மகன், என் போனை எடுத்து. அதை அன்றே சொன்னேன். போனஸ் கொடுக்காத முதலாளி என்று அங்கே என்னைச் சொன்னீர்கள், இன்னும் மறக்கவில்லை. 17 தீபாவளிக்கு விடாமல் கொடுத்திருக்கிறேன். தொற்றுக்காலத்தில் கடையில் நாற்காலி போட முடியாத 2020லும் பாதியாவது கொடுத்தேன்.

பழைய தோட்டத்தான்:
என் அப்பா கோலசிலாங்கூர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியாத முன்னே பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போய் நின்றால்தான் அன்றைக்குப் பெயர் விழும். அங்கே நின்ற நேரத்துக்கு யாரும் சம்பளம் கொடுத்ததில்லை. இன்றைக்கு நம்மவர் கடை வைத்து, நம்மவரையே அரை மணிக்குக் கணக்குப் பார்க்கிறார். பார்க்கவே வேதனையாக இருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸ் இலைக்கடை:
ஐயா, என் அப்பாவும் தோட்டம்தான். அந்தப் பெரட்டுக் கதை எங்கள் வீட்டிலும் உண்டு. அதனால்தான் சாப்பாட்டு அரை மணியை நான் ஒருநாளும் வேலை நேரத்தில் மறைத்ததில்லை. நம்மவரையே என்கிறீர்களே, நம்மவர் எங்கே வருகிறார்கள்? வெளியே போர்டு வைத்து ஐந்து மாதம் ஆயிற்று. உள்ளூர்ப் பையன் ஒருவன் வந்தான், மூன்றாம் நாள் மோட்டார் சைக்கிளில் உணவு விநியோகத்துக்குப் போய்விட்டான். அவனை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆள் கிடைத்தால்தானே இன்னொருவரை வைத்து நேரத்தைப் பிரிக்க முடியும்? ஆள் இல்லாததால்தான் அந்த அரை மணி ஓவர்டைம் ஆகிறது.

பிறை ஷிப்ட்காரன்:
இப்போதுதான் உண்மை வருகிறது. ஆள் இல்லாதது உங்கள் பிரச்சினை, 45 மணி நேரம் அல்ல. அரை மணியைச் சீக்கிரம் விட்டு 3 மணிக்கு அனுப்பினால் ஓவர்டைமே கிடையாது. மூன்று வருடமாக ஏன் செய்யவில்லை? பினாங்கு லிட்டில் இந்தியாவில் இதே மாதிரி கடைகள் நடக்கின்றன, அவர்கள் அழவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் இலைக்கடை:
3 மணிக்கு அனுப்பினால் பாத்திரத்தை யார் கழுவுவது? பெரிய அண்டா மட்டும் ஆறு. இலை எடுத்து, தரை கழுவி, மாலைக்கு மாவு எடுத்து வைக்க வேண்டும். அந்த அரை மணிதான் கடையின் உயிர். பினாங்கில் வாடகையும் இங்கே வாடகையும் ஒன்றா? இங்கே துன் சம்பந்தன் சாலையில் ஒரு கடை லாட் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பழைய தோட்டத்தான்:
வாடகைக்கும் தொழிலாளி சோற்றுக்கும் என்ன சம்பந்தம்?

செந்தூல் கேஷியர்:
வாடகை, அண்டா, பினாங்கு எல்லாம் வந்துவிட்டது. என் கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. இரண்டாம் முறை கேட்கிறேன். வெள்ளிக்கிழமை மதியம் ஆள் வந்தால் எழுவார்களா, மாட்டார்களா? எழுந்தால் அந்த அரை மணியும் வேலைதான். அப்படியென்றால் உங்கள் ஆட்கள் செய்வது எட்டரை மணி நேரம். உங்கள் 1,530 பாதிக் கணக்கு, இன்னொரு 1,530 அவர்களுக்குப் பாக்கி.

பிரிக்பீல்ட்ஸ் இலைக்கடை:
யாரையும் நான் கட்டாயப்படுத்தி எழுப்புவதில்லை. கூட்டத்தைப் பார்த்துவிட்டு அவர்களாக எழுகிறார்கள். குடும்பம் மாதிரி. என் மனைவியும் எழுவாள், நானும் எழுவேன்.

செந்தூல் கேஷியர்:
குடும்பம் மாதிரி என்றுதான் எங்கள் கடையிலும் சொன்னார்கள்.

பிறை ஷிப்ட்காரன்:
'அவர்களாக எழுகிறார்கள்.' இதை அழிப்பதற்குள் படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

பிரிக்பீல்ட்ஸ் இலைக்கடை:
எடுத்துக்கொள்ளுங்கள், நான் எதையும் அழிக்கப்போவதில்லை. நாளைக் காலை அட்டவணையையே இங்கே போடுகிறேன். 7 முதல் 3.30, நடுவில் அரை மணி, எழுத்தில் இருக்கிறது. அந்த அரை மணி வேலை நேரத்துக்கு வெளியே. எத்தனை தடவை சொல்வது?

செந்தூல் கேஷியர்:
அட்டவணை வேண்டாம். வந்துபோகும் நேரம் பதியும் பஞ்ச் கார்டைப் போடுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் இலைக்கடை:
பஞ்ச் கார்டில் சாப்பாட்டுக்கு யார் குத்துகிறார்கள்? ஐந்து மணிக்கு எழுந்து சந்தைக்குப் போக வேண்டும். நாளை வந்து பேசுகிறேன். அதற்குள் பிறைக்காரர் என் 1,530ல் எந்த வரி தப்பு என்று காட்டட்டும்.